நிலைக்கதவைத் தின்றது எது?

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது, மரத்துக்கு விலை பேச வருபவர் முதலில் கை வைப்பது வாசல் நிலையின் அடிப்பாகத்தில்தான். உளியின் பிடியால் இரண்டு தட்டு. கணீரென்று வந்தால் பேச்சு மேலே போகும். பொத்தென்று வந்தால் விறகுக் கணக்கு. சில நிலைகள் பார்வைக்கு முழுசாக நிற்கும். விரலால் அழுத்தினால் பெயிண்ட் படலம் உடைந்து உள்ளே போகும். அதற்குப் பின்னால் மரம் இருக்காது, மண்தான் இருக்கும். 'செல் பிடிச்சிருச்சு' என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

விசாரணையை அங்கேதான் தொடங்க வேண்டும். பழனி மலையடிவாரத்தில் மரத்தைத் தின்பது ஒரே பூச்சியல்ல. குடியிருக்கும் இடம், தின்னும் முறை, விட்டுப்போகும் தடயம் எல்லாமே வகைக்கு வகை வேறு. மரம் புழங்கியவர்கள் அதில் ஒரு வகையை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, இன்னொரு வகையிடம் திரும்பத் திரும்ப ஏமாந்திருக்கிறார்கள்.

நிலைக்குள்ளே மண் இருந்தால் வந்தது நிலத்தடிக் கறையான். பூச்சியியலார் கோப்டோடெர்மிஸ், ஹெட்டரோடெர்மிஸ் என்று அழைக்கும் இனங்கள் இந்தக் கூட்டத்தில் முக்கியமானவை. இவற்றின் உடல் மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால் ஈரமண்ணில் கூடு வைத்துக்கொண்டு, அங்கிருந்து சுவரோரமாக விரலகல மண்குழாய் கட்டி, அதற்குள்ளேயே நடந்து மரத்துக்கு வரும். ஒரு கூட்டத்தில் லட்சக்கணக்கில் இருக்கும். கோப்டோடெர்மிஸ் சிப்பாயைச் சீண்டினால் நெற்றியில் உள்ள துளையிலிருந்து பால்நிறத் திரவம் கசியும். ஒட்டிக்கொள்ளும் அந்தத் திரவம்தான் எறும்பு வந்தால் அதன் ஆயுதம். இந்தியாவில் கட்டடங்களுக்கு நேரும் கறையான் சேதத்தில் பெரும்பங்கு நிலத்தடிக் கூட்டத்தினுடையது. கூரை ஒழுகிச் சுவர் எப்போதும் ஈரமாக இருந்தால் கோப்டோடெர்மிஸுக்குத் தரையே வேண்டாம். மாடிச் சுவரின் இடுக்கிலேயே மண்ணும் மரக்கூழும் குழைத்து அட்டைக்கூடு கட்டிக்கொண்டு தங்கிவிடும்.

ஆனால் பழி விழுவது வேறு ஒன்றின் மேல். வயல் வரப்பில் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கிற செம்மண் புற்றுதான் ஊர்க்கண்ணில் கறையானின் வீடு. அதைக் கட்டுவது ஓடோன்டோடெர்மிஸ் இனம், குறிப்பாக ஓடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ். மரத்தை நேராகச் செரிக்கும் வயிறு இதற்கு இல்லை. கோப்டோடெர்மிஸின் குடலில் நார்ச்சத்தைக் கரைக்கும் ஒற்றைச்செல் உயிரிகள் இருக்கின்றன. அவை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஓடோன்டோடெர்மிஸ் விவசாயம் செய்கிறது. தின்று கொண்டுவந்த சருகையும் பட்டையையும் புற்றுக்குள் பஞ்சுபஞ்சாக அடுக்கி, அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சணத்தை வளர்க்கிறது. பூஞ்சணம் நாரைப் பக்குவப்படுத்திக் கொடுத்த பிறகுதான் சாப்பாடு. மழைக்காலத்தில் புற்றைப் பிளந்துகொண்டு வெளியே வரும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் விளைச்சல்தான். இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இருந்த தாமஸ் பெட்ச் 1906இல் இந்தப் பூஞ்சணத் தோட்டங்களைப் பற்றி விரிவாக எழுதினார்.

பூஞ்சணம் படர்ந்த அந்த அடுக்குக்குத் தமிழில் குரும்பி என்று பெயர். பெருங்குன்றூர் கிழார் பாடிய அகநானூற்றின் 8ஆம் பாட்டில் ஆண் கரடி ஒன்று ஈசல் புற்றைக் கிளறிக் குரும்பி தின்கிறது. பாடியவர் கரடியைப் பார்த்தவர் என்பதில் சந்தேகமில்லை. நம்முடைய காட்டுக்கரடிக்கு மேல்தாடையில் நடுவிலுள்ள இரண்டு முன்பற்கள் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் அது கறையானை உறிஞ்சி எடுக்கிறது. மண் உள்ளே போகாமலிருக்க மூக்குத் துளையை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும்.

சாலையோரப் புளியமரத்தில் அடியிலிருந்து கவட்டை வரைக்கும் மண் பூசியிருப்பதைப் பார்த்து மரம் போச்சு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது ஓடோன்டோடெர்மிஸின் வேலை. அந்த மண்போர்வைக்குள் அது தின்பது செத்துப்போன வெளிப்பட்டையை மட்டும். ஒரு குச்சியால் மண்ணைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால் உள்பட்டை பச்சையாக இருக்கும். ஆனால் நிலக்கடலைக் காட்டில் இதே கூட்டம் அத்தனை சாது இல்லை. வேரை அறுக்கும், காயின் மேலோட்டைச் சுரண்டி மென்மையாக்கிவிடும், அந்த வழியாகப் பூஞ்சை ஏறிப் பருப்பு கெடும். நட்டு ஓராண்டுகூட ஆகாத யூகலிப்டஸ் கன்றுகளின் வேரையும் இது விடாது. கேரளத்தில் 1980களில் வன ஆராய்ச்சியாளர்கள் இதைத் தனியாக எடுத்து ஆராய வேண்டியிருந்தது.

ஊருக்கு இந்தப் புற்றிலிருந்து வருவது நட்டம் மட்டுமில்லை. முதல் மழை விட்ட மாலையில் புற்றுக்கண்ணைச் சுற்றித் துணி கட்டி, விளக்கு வைத்து ஈசல் பிடிப்பதும், அதை வறுத்து இறக்கை புடைத்துப் பொரியோடு கலந்து தின்பதும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழகிய காரியம். பாரியின் பறம்பைப் பாடும் கபிலர், புறநானூற்றின் 119ஆம் பாட்டில், செம்புற்றின் ஈசலை மோரில் சமைத்த கதையைச் சொல்கிறார். அந்தப் பறம்பு இன்றைய பிரான்மலை என்று கொள்வது மரபு.

ஈசல் பிடிக்கும் வித்தையை ஐரோப்பியருக்குச் சொன்னவர் ஒரு தரங்கம்பாடி டாக்டர். ஸ்வீடனின் லின்னேயஸிடம் படித்த யோஹான் ஜெரார்டு கோனிக், 1768இல் டேனியர்களின் தரங்கம்பாடிக்கு வந்தார். தஞ்சைச் சீமையில் பார்த்த கறையான்களைப் பற்றி அவர் எழுதிய ஜெர்மன் கட்டுரை 1779இல் பெர்லினில் வெளியானது. இந்தியக் கறையான்களைப் பற்றிய முதல் அறிவியல் எழுத்து இதுவே. அதில் அவர் சொல்லும் முறை இது: புற்றில் இரண்டு துளை போடுவார்கள். காற்று வரும் பக்கம் நாற்றமெடுக்கும் பொருள்களை எரித்துப் புகை போடுவார்கள். எதிர்ப்பக்கத் துளையில் கறிவேப்பிலை தேய்த்த பானையை வைத்து ஈசலைப் பிடிப்பார்கள். சில சமயம் ஈசலோடு நாகப்பாம்பும் பானைக்கு வந்துவிடுமாம். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்கள் என்றும் குறிப்பு சொல்கிறது. ஆப்பிரிக்கக் கறையான்களை ஆராய்ந்த ஹென்றி ஸ்மீத்மேன் 1781இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய புகழ்பெற்ற கட்டுரையில் கோனிக்கின் இந்தச் சேதியை எடுத்துக் கையாண்டார். கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் 'கோனிகி' என்று ஒட்டிக்கொண்டிருப்பதும் இதே டாக்டரின் பெயர்தான்.

ஆக, மண்ணிலிருந்து வரும் கறையானை இந்த மண்ணின் மக்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய தற்காப்பும் மண்ணைக் குறிவைத்தே அமைந்தது. ஒட்டன்சத்திரம், பழனி வட்டாரத்தில் சின்ன வெங்காயம் சேமிக்கும் பட்டறையைப் பாருங்கள். மூங்கிலும் தென்னங்கீற்றும் கொண்டு கட்டிய அந்தக் கூண்டைத் தரையில் வைக்கமாட்டார்கள். கல் முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள். காற்றோட்டம் முதல் காரணம். கறையானுக்கும் அதே கல் தடை. திண்ணைத் தூணுக்குக் கீழே கல் வைப்பதும், சுவரில் புதையும் உத்திர முனைக்குத் தார் பூசுவதும் இதே கணக்கில் வருபவை.

மரத் தேர்விலும் இந்தக் கணக்கு உண்டு. கூரைக்குப் பனங்கை போட்டவர்கள் முற்றிய பனையைத்தான் தேடினார்கள். பனையில் வயிரம் வெளிச்சுற்றில் இருக்கிறது. நடுவில் இருப்பது சோறு. ஆசாரி அந்தச் சோற்றை வழித்தெடுத்துவிட்டுக் கருத்த வரிகளோடு நிற்கும் வெளிப்பாகத்தை மட்டும் கூரைக்கு ஏற்றுவார். மற்ற மரங்களில் இதற்கு நேர்மாறு: வயிரம் நடுவில், வெள்ளை வெளியில். தேக்கின் வயிரத்தில் டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கறையானுக்கு அது ஆகாது. தேக்கின் வெளிச்சுற்று வெள்ளையில் அந்தக் காப்பு இல்லை. முழுக்க வயிரமாகப் பார்த்து வாங்க வசதியுள்ளவர்கள் பர்மாத் தேக்கை இறக்கினார்கள். செட்டிநாட்டு வீடுகள் அதற்குச் சாட்சி. தேக்கு என்ற பெயரை நம்பி வெள்ளை கலந்த இளமரத்தை வாங்கியவர்களின் நிலைகளை ஐந்தாறு வருடத்திலேயே தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆசாரிகளின் இந்த அனுபவத்துக்கு எண் போட்டது டேராடூனில் 1906இல் அமைந்த வன ஆராய்ச்சி நிலையம். அங்கே நடக்கும் பரிசோதனைக்கு இடுகாட்டுச் சோதனை என்றே பெயர். ஒவ்வொரு மரத்திலும் 60 செ.மீ. நீளமும் 5 செ.மீ. சதுரமும் உள்ள முளைகளை வெட்டி, கறையான் நிறைந்த திறந்தவெளியில் பாதி புதைந்திருக்கும்படி வரிசையாக நட்டுவிடுவார்கள். பிறகு காத்திருப்பதுதான் வேலை. முளைகள் சராசரியாக 120 மாதம் தாங்கினால் முதல் வகுப்பு, 60 முதல் 120 மாதம் என்றால் இரண்டாம் வகுப்பு, அதற்கும் கீழே போனால் மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு; மாவும் இலவும் மூன்றாம் வகுப்பு. சோதனை அருமையானது, ஆனால் அதிலும் முளை நிற்பது மண்ணில்தான். மண்ணைத் தொடாத கறையான் அந்த இடுகாட்டுக்கு வருவதில்லை.

பழைய மரம் நம் கையில் இத்தனை குறைவாக இருப்பதற்குக் கறையானும் ஒரு காரணம். பழனி மலையில் தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கங்களில் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன; இயேசு சபைப் பாதிரியார் ஆங்கிலேடும் நியூட்டனும் அவற்றை அளந்து எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. செத்தவர்களுக்குக் கல்வீடு மிஞ்சியது. உயிரோடிருந்தவர்கள் குடியிருந்த மரக்கழி வீடு மிஞ்சவில்லை. பழனிக்குப் பக்கத்துப் பொருந்தலில் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில், கல்லறைக்குள் நாலுகால் சாடியில் வைத்திருந்த சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணக்கிட்டார்கள். நெல்லுக்குக் கல்லும் சாடியும் காவல் இருந்தன. ஓலைச்சுவடிக்கு அந்தக் காவல் வாய்க்கவில்லை. சிதம்பரம் கோயில் அறையில் தேவார ஏடுகள் புற்று மூடிக் கிடந்ததைத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. புற்று மூடியது என்ற அந்த விவரத்தை வைத்தே, புராணத்தின் குற்றவாளி மண்கூட்டத்தைச் சேர்ந்தது என்று தீர்ப்பெழுதலாம். காகிதமும் தப்பவில்லை. 2011இல் உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையின் பெட்டக அறையில் சுமார் 1 கோடி ரூபாய் நோட்டுகளைக் கறையான் தின்று தீர்த்தது.

ஒட்டன்சத்திரம் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து பாச்சலூர் வழியாக மலையேறினால் வெக்கை குறையக் குறையப் புற்றுகளும் குறைந்துகொண்டே வரும். கொடைக்கானலின் 2,100 மீட்டர் உயரத்தில் ஆள் உயரப் புற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் அங்கே சன்னிசைடு, ஷெல்டன் என்று முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியபோது, கீழே மதுரைச் சமவெளியின் காய்ச்சலிலிருந்து தப்புவதுதான் அவர்களின் நோக்கம். கறையான் தொல்லை குறைந்தது கேட்காமல் கிடைத்த சலுகை. அந்தக் குளிரில் மரத்தைக் கெடுக்கும் முதல் எதிரி உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைதான், வண்டுப்புழு அடுத்தது.

மலை என்றால் கறையானே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பச்சை மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உயிர்மரக் கறையான். உயர்ந்த மலைத் தோட்டங்களில் போஸ்டெலக்ட்ரோடெர்மிஸ் மிலிடாரிஸ், தாழ்நாட்டுத் தோட்டங்களில் கிளிப்டோடெர்மிஸ் டைலடேடஸ். இவற்றுக்குப் புற்றும் கிடையாது, மண்குழாயும் கிடையாது. கவாத்து வெட்டிய இடம் ஆறாமல் காய்ந்து உளுத்துப் போனால், ஈசல் ஜோடி அந்தப் புண் வழியாக நுழைந்துவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் தண்டின் நடுவைக் குடைந்து வேர்வரை இறங்கும். மேலே கொழுந்து தளிர்த்துக்கொண்டே இருக்கும். கொழுந்தெடுக்கும் பெண் கிளையைப் பிடித்து இழுக்கும்போது செடி முறிந்து கையோடு வந்தால்தான் சேதி தெரியும். இங்கே மண்ணில் மருந்து ஊற்றிப் பயனில்லை. கவாத்துக் கத்தியின் கூர்மையும், வெட்டுவாயைச் சாய்வாக வழுவழுப்பாக விடும் கைப்பழக்கமும்தான் மருந்து.

வீட்டுக்குள் இதன் உறவுக்காரன் ஒன்று உண்டு: உலர்மரக் கறையான், கிரிப்டோடெர்மிஸ். ஏமாற்றுவதில் இதுதான் முதலிடம். காய்ந்த மரத்தில் இருக்கும் சொற்ப ஈரமே இதற்குப் போதும். தரைக்கு இறங்கி வரவேண்டிய அவசியமே இல்லை. ஒரு நாற்காலிக் காலுக்குள் சில நூறு உருப்படிகளோடு தலைமுறை நடத்தும். மண்ணைக் கொண்டுவந்து வைக்காது. கழிவை மட்டும் ஊசித்துளை வழியாக வெளியே தள்ளும். பீரோவுக்கு அடியில் கசகசா மாதிரிக் குவிந்து கிடக்கும் அந்தப் பொடியை உள்ளங்கையில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆறு பட்டை கொண்ட சின்ன உருளையாகத் தெரியும். வண்டு குடைந்த மரத்திலிருந்து விழுவது மாவு; இப்படிப் பட்டை தீட்டிய மணியாக இருக்காது. இதன் சிப்பாய்க்குக் கடிப்பதைவிட அடைப்பதே முக்கிய வேலை: தலையின் முன்பக்கம் தட்டையாக, கடினமாக இருக்கும், எதிரி வந்தால் அந்தத் தலையைத் துளையில் வைத்து அடைத்துக்கொள்ளும். கப்பலில் ஏறிய மேசை, பெட்டி, படச்சட்டம் வழியாக இந்தக் கூட்டம் உலகின் துறைமுகங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

கப்பலேறியது உலர்மரக் கறையான் மட்டுமில்லை. நெப்போலியன் செத்த செயின்ட் ஹெலினா தீவுக்கு, பிடிபட்ட அடிமைக்கப்பல் ஒன்றின் மரங்களோடு 1840 வாக்கில் ஹெட்டரோடெர்மிஸ் இறங்கியது. ஒரு தலைமுறைக்குள் ஜேம்ஸ்டவுன் நகரத்தின் கூரைகளும் தளங்களும் கலகலத்துப் போயின.

இருபதாம் நூற்றாண்டு இதற்கெல்லாம் ரசாயனத்தில் விடை தேடியது. அதில் மிகப் பெரிய ஒரு விடை இந்தியாவில் பிறந்தது. டேராடூனில் பணியாற்றிய சொந்தி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த உப்புக்கரைசலைக் கண்டுபிடித்தார். 'ஆஸ்கு' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த மருந்தை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றிவிட்டால் தண்ணீரில் எளிதில் கரைந்து வெளியே வராது. தந்திக்கம்பம், பாலம், வேலி என்று உலகம் முழுவதும் பச்சை படிந்த கம்பங்கள் நின்றது அவரால்தான். மருந்து மரத்தின் உடம்புக்குள்ளேயே இருந்ததால் மண்ணிலிருந்து வந்த கறையானுக்கும் மண்ணைத் தொடாத கறையானுக்கும் அது ஒன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஆர்சனிக் பற்றிய அச்சத்தால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களில் அதை நிறுத்திக்கொண்டார்கள்.

நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் பிடித்துக்கொண்டது மற்றொரு வழி: மரத்தை விட்டுவிட்டு மண்ணுக்கு மருந்து. ஆல்ட்ரினும் குளோர்டேனும் பல ஆண்டுகள் அஸ்திவாரக் குழிகளில் இறங்கின. 1996இல் இந்தியா இரண்டையும் தடைசெய்தது. அந்த இடத்துக்கு குளோர்பைரிபாஸ், பைபென்த்ரின், இமிடாகுளோப்ரிட் வந்தன. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 6313 இதற்கு அளவு சொல்கிறது: தளத்துக்குக் கீழே நிரப்பிய மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், அஸ்திவாரச் சுவரையொட்டி நிரப்பும் மண்ணுக்கு 7.5 லிட்டர். கறையான்களில் மண்ணில் கூடுவைப்பவை, மரத்திலேயே கூடுவைப்பவை என்று இரண்டு பிரிவு இருப்பதை அந்த ஆவணம் ஒப்புக்கொள்கிறது. அதிக நாசம் செய்வது முதல் பிரிவு என்பதால் ஊற்றுகிற மருந்தெல்லாம் அதற்கே.

ஒட்டன்சத்திரத்தில் இன்று எழும்பும் கான்கிரீட் வீட்டுக்கு இந்த மருந்து வைத்துவிட்டால், மண்குழாய் கட்டி வரும் கூட்டத்துக்குப் பல ஆண்டுகள் வழி அடைபடும். அதே வீட்டுக்குள் கடைசியாக வருவது கட்டில், டீவி ஸ்டாண்டு, பழைய சாமான் கடையில் ஆசையாக வாங்கிய மரஊஞ்சல். அவற்றின் காலடியில் ஆறு பட்டைப் பொடி குவிந்தால், அஸ்திவாரத்தில் ஊற்றிய மருந்துக்கு அதில் சம்பந்தமில்லை. பொடி விழும் துளையைத் தேடி ஊசியால் மருந்து ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஊஞ்சலை முழுசாக மூடிப் புகைமருந்து போட வேண்டும்.